தம்பி சொல்வதை அந்த மேடம் ஏன் மறுக்கவில்லை?

கேள்வி: எனக்கு 31 வயது. தம்பிக்கு 26. டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். போன வருஷம் திடீரென்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவன் எத்தனை மணிக்கு வெளியே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புகிறான் என்று குறித்து வைக்கிறார்களாம். இறந்துபோன பெரியப்பாவின் குரல் வேறு கேட்கிறதாம். கோயில், மந்திரிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, எட்டு மாதமாக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை வாங்குகிறோம். இப்போது தூங்குகிறான், குரலும் குறைந்திருக்கிறது. டீக்கடைச் சந்தேகம் மட்டும் போகவில்லை. டாக்டர் சொல்லி ஓர் உளவியல் மேடத்திடம் நான்கு முறை போய்விட்டோம். போன முறை கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே இருந்த எனக்குக் கேட்டது. "அவர் எந்தக் கையால எழுதினார்? நோட்டா, துண்டுப் பேப்பரா?" என்று கேட்கிறார். ஒரு தடவைகூட "அப்படி யாரும் எழுதல" என்று சொல்லவில்லை. இது நோய்க்குத் தீனி போடுவது ஆகாதா? இதற்கு மாத்திரைதான் மருந்து, பேச்சு எதற்கு என்கிறார் மாமா. அம்மாவோ தன் வளர்ப்பில்தான் தப்பு என்று தினமும் அழுகிறார். ஆவணியில் அத்தை மகள் கல்யாணம் வருகிறது. அவனை அழைத்துப் போகலாமா என்றும் சொல்லுங்கள்.
- ஓர் அக்கா, தர்மபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கதவிடுக்கில் நீங்கள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை, அந்த மேடத்தையும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விகள் இந்த வேலையை அறிந்த ஒருவர் கேட்கிற கேள்விகள். அதனால் பயப்படாதீர்கள். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

"அப்படி யாரும் எழுதல" என்ற வாக்கியத்தை இந்த ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? நீங்கள், அம்மா, மாமா எல்லோரும் சேர்ந்து நூறு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். அதில் சந்தேகம் குறைந்ததா? பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்னவென்றால், சந்தேகம் அப்படியே இருக்கும், அதைச் சொல்வது மட்டும் குறைந்துபோகும். இந்த வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு அந்தப் பையன் தன் பயத்தோடு தனியாக இருந்துவிடுகிறான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சிக் காலத்தில் என்னிடம் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர். வீட்டு கேபிள் பெட்டி வழியாகத் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய துயரம். நான் உற்சாகமாக, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, சிக்னல் எந்தப் பக்கம் போகிறது என்று படம் வரைந்து முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, ரொம்ப மெதுவாக, "உங்களையும் அவங்க வந்து பாத்துட்டாங்களா சார்?" என்றார். அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் நானும் எதிராளிகளில் ஒருவன் ஆகிவிட்டேன். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, மறுக்கக் கூடாது என்றால் ஒத்துக்கொள்ள வேண்டுமா? கூடாது. அதுவும் பொய்தான். "ஆமாம்பா, அவங்க எழுதத்தான் செய்றாங்க" என்று எந்தப் பொறுப்பான உளவியலாளரும் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதில்தான் அவர் நடந்துகொண்டிருக்கிறார்.

அந்த வழியைப் புரிந்துகொள்ள, யாரும் பேசாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் அசையாத நம்பிக்கையாவது போன்றவை வருகிற சைக்கோசிஸ் என்ற நிலையில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நாம் தெருவில் நடக்கும்போது ஆயிரம் விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒருவர் இருமுகிறார், ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது, டீக்கடையில் ஒருவர் குனிந்து எதையோ எழுதுகிறார். இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லை என்று மூளை தானாகவே தள்ளிவிடுகிறது. எது முக்கியம், எது இல்லை என்று குறி வைக்கிற இந்த வேலையில் டோபமின் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தாறுமாறாகச் சுரக்கும்போது ஒன்றுமில்லாத விஷயங்கள்கூட முக்கியம் முக்கியம் என்று அடித்துச் சொல்கின்றன. இருமல் தனக்கான சைகை ஆகிறது. ஹாரன் எச்சரிக்கை ஆகிறது. இப்படி நாள் முழுக்க நடந்தால் எந்த மனிதரும் ஒரு காரணம் தேடத்தான் செய்வார். "என்னைக் கண்காணிக்கிறார்கள்" என்பது அப்படிக் கண்டுபிடித்த காரணம்.

மாத்திரை இந்த டோபமின் வேகத்தைத் தணிக்கிறது. புதிதாகச் சந்தேகங்கள் முளைப்பது நிற்கிறது, தூக்கம் வருகிறது, குரல் மங்குகிறது. உங்கள் தம்பிக்கு இதெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பயந்து பயந்து கட்டிய ஒரு கதை, மாத்திரை போட்டதும் தானாகக் கலைந்துவிடாது. தம்பிதான் அதை ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். மாமாவின் கேள்விக்கு இதுதான் என் பதில். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேச்சு என்று யாராவது சொன்னால் அவரிடம் போகாதீர்கள். மாத்திரை போதும், பேச்சு வேண்டாம் என்பதும் பாதி வைத்தியம்தான். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல், இந்த நிலையில் உள்ளவர்களுக்கு மருந்தோடு சேர்த்துக் குறைந்தது 16 அமர்வு பேச்சு சிகிச்சையும், குடும்பத்தினரோடு குறைந்தது 10 அமர்வும் தரச் சொல்கிறது. இதன் பலன் ஆய்வுகளில் மிதமானதாகத்தான் தெரிகிறது, அதிசயம் எதுவும் இல்லை. நீங்கள் இப்போதுதான் நான்கு அமர்வு முடித்திருக்கிறீர்கள்.

இனி அந்தக் கேள்விகளுக்கு வருவோம். "எந்தக் கையால எழுதினார், நோட்டா, பேப்பரா?" கண்ணால் பார்த்தது எது, ஊகித்துக்கொண்டது எது என்று தம்பியே பிரித்துப் பார்க்க இது வழி செய்கிறது. ஒருவேளை அவர், "எழுதுறத நான் பாக்கல மேடம், குனிஞ்சிருந்தார்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் மேடம் உடனே "பாத்தியா!" என்று துள்ளிக் குதிக்க மாட்டார். சரி என்று கேட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போவார். ஒரு நாள், "நூத்துக்கு எத்தனை உறுதியா நம்புறீங்க?" என்று கேட்பார். தம்பி 95 என்றால், மீதி அந்த ஐந்து எதனால் என்று கேட்பார். வாரங்கள் போக, அந்த 95 ஒரு நாள் 80 ஆகலாம். இன்னொரு நாள் பயம் கூடி 90 ஆகலாம். பிறகு, தம்பிக்குச் சம்மதம் என்றால், ஒரு சின்னப் பரிசோதனை. டீக்கடையில் எழுதுகிறவர்கள் வழக்கமாக எதைத்தான் எழுதுவார்கள் என்று அவரே பட்டியல் போடுவது. பால் கணக்கு, கடன் கணக்கு, சீட்டுப் பணம். பிறகு தைரியம் வரும்போது ஐந்து நிமிஷம் அங்கே நின்று ஒரு டீ குடித்துவிட்டு வருவது.

இன்னொரு விஷயமும் உண்டு. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது. தம்பியின் பயம் எதைப் பற்றியது? தன் வருகையையும் போக்கையும் நேரம் குறிக்கிறார்கள் என்பது பற்றி. அவர் எங்கிருந்து வந்தார்? ஷிஃப்ட் வேலையிலிருந்து. உள்ளே போனது, வெளியே வந்தது, பத்து நிமிஷம் தாமதம் என்று எல்லாமே பதிவாகிற இடத்திலிருந்து. அங்கே அவருக்கு என்ன நடந்தது, எத்தனை நாள் தூக்கமில்லாமல் இருந்தார், யாரிடம் அவமானப்பட்டார் என்று எனக்குத் தெரியாது, ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை, வெளியிலிருந்து அர்த்தமற்றதாகத் தெரிகிற சந்தேகத்துக்குள் அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து வந்த ஒரு துண்டு பெரும்பாலும் இருக்கிறது. அந்த மேடம் அதை நோக்கித்தான் மெல்லப் போகிறார் என்று நினைக்கிறேன். போய்ச் சேர மாதங்கள் ஆகலாம். அதற்குள் நீங்கள் இதை வீட்டில் தம்பியிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டாம், தயவுசெய்து.

என் அறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எம்.ஏ. படிக்கும் ஒரு பெண், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று வந்தார். நான் குறிப்பு எடுக்க எடுக்க, அவர் பார்வை என் பேனா முனையிலேயே இருந்தது. கண்காணிக்கப்படுகிறோம் என்று பயப்படுகிறவர் முன்னால் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாமல் எதையோ எழுதுகிறேன்! நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். பேனாவையும் மேலே வைத்தேன். அவர் வரி வரியாகப் படித்தார். 'பக்கத்து வீட்டார் பேசுவதாக நினைக்கிறார்' என்று எழுதியிருந்தேன். அதில் 'நினைக்கிறார்' என்பதை மட்டும் ஒரே கோடாக அடித்துவிட்டு மேலே 'கேட்கிறது' என்று எழுதினார். நோட்டைத் திருப்பி என்னிடம் தந்தார். அந்தத் திருத்தத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன். அவருக்குக் கேட்கிறது என்பது உண்மை. யார் பேசுகிறார்கள், ஏன் பேசுகிறார்கள் என்பதைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும் அவர் வந்தார்.

இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இந்த உறவு கட்டப்படுகிறது. நாற்காலியை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுவது, கண்ணையே உற்றுப் பார்க்காமல் இருப்பது, கதவுக்குப் போகும் வழியை மறைத்து உட்காராமல் இருப்பது, சோர்வாக இருந்தால் இருபது நிமிஷத்தில் முடித்துக்கொள்வது. மாத்திரையால் உடம்பு விறைக்கிறது, எடை கூடுகிறது என்று சொன்னால் அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து தயார் செய்வது. "மேடம், நீங்க என்னை நம்புறீங்களா?" என்று தம்பி ஒரு நாள் நேராகக் கேட்பார். எல்லோரும் கேட்பார்கள். அப்போது, "நீங்க பயப்படுறது நிஜம்னு நம்புறேன். அவங்கதான் எழுதுறாங்களான்னு எனக்கு இன்னும் தெரியல, பாத்துக்கலாம்" என்ற மாதிரி ஒரு பதில் வரும். நேர்மையான பதில் அதுதான்.

எங்கள் தொழிலே இந்த இடத்துக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று. சைக்கோசிஸ் உள்ளவர்களால் சிகிச்சையாளரோடு உறவு கொள்ள முடியாது, அதனால் இவர்களுக்குப் பேச்சு உதவாது என்றுதான் சிக்மண்ட் ஃப்ராய்ட் கருதினார். அமெரிக்காவின் மேரிலாந்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மருத்துவமனையில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் போன்றவர்கள் அதை ஏற்காமல் இவர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். 1952இல் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு நோயாளியின் சந்தேகத்தை அவரோடு சேர்ந்தே ஆராய்ந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். அதே ஆண்டில்தான் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து சைக்கோசிஸுக்குப் பயன்பட ஆரம்பித்தது. மருந்து வந்த பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பேச்சு ஓரம் கட்டப்பட்டது. 1990களில் பிரிட்டன் உளவியலாளர்கள் அதை மறுபடி கையில் எடுத்து, முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். மாமா சொல்வது அந்த இடைக்காலத்துப் பேச்சு.

உங்கள் அம்மாவுக்காகவும் இந்த வரலாற்றில் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன அதே ஃப்ரோம்-ரைக்மன்தான் 1948இல், இந்த நோய்க்குத் தாயின் வளர்ப்பு காரணம் என்று சொல்கிற ஒரு பதத்தையும் எழுத்தில் கொண்டுவந்தார். அவ்வளவு பரிவோடு நோயாளிகளிடம் உட்கார்ந்தவர், அவர்கள் தாய்மார்கள் தலையில் இப்படி ஒரு பாரத்தை வைத்தார். பிறகு வந்த ஆராய்ச்சிகள் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டன. பரம்பரைக் கூறு, மூளை வளர்ச்சி, கஞ்சா, கடுமையான மன அழுத்தம் என்று பல காரணங்கள் சேர்ந்து வருகிற நோய் இது. அம்மாவை ஒரு தடவை அந்த மேடத்திடம் அழைத்துப் போங்கள். மேடமே அவரிடம் சொல்லட்டும். மகள் சொல்வதைவிட அது மனதில் இறங்கும்.

பெரியப்பாவின் குரல் என்ன சொல்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் டான்யா லுஹர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் சகாக்களும் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் முகமறியாத, வன்முறையான குரல்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல் கேட்டது. குளி, சமை, அதைச் செய் இதைச் செய் என்று பெரியவர்கள் வீட்டில் அதட்டுவது போலவே. அதனால் தம்பிக்குப் பெரியப்பா குரல் கேட்பதில் வினோதம் எதுவும் இல்லை. அது "சாப்பிட்டியாடா" என்று கேட்கிற குரலாக இருந்தால் அதை விரட்டுவதில் அந்த மேடம் அவசரம் காட்ட மாட்டார். பெரியப்பா எப்படிப்பட்டவர், உயிரோடு இருந்தபோது தம்பியிடம் எப்படி இருந்தார் என்று கேட்பார். தொந்தரவு செய்கிற குரலாக இருந்தால் அதைச் சமாளிக்கும் வழிகளைச் சொல்லித்தருவார். வாய்க்குள் பாட்டு முணுமுணுப்பது, இயர்போனில் எதையாவது கேட்பது, குரலிடம் "சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசலாம்" என்று நேரம் ஒதுக்குவது. கேட்க விசித்திரமாக இருக்கும். பலருக்கு உதவுகிறது.

ஆனால் அந்தக் குரல் தம்பியையோ வேறு யாரையோ காயப்படுத்தச் சொன்னால், சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று அவர் சாப்பிடாமல் இருந்தால், இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை என்றால், அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இரவு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை சில. இனிமேல் கதவோரம் நிற்காதீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கண்காணிக்கப்படுகிறோம் என்று பயப்படுகிறவருக்கு, அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? அந்த அறையில் பேசியதை ரகசியமாக வைத்திருக்க 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே தம்பிக்கு உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விஷயம் என்றால் மேடமே உங்களிடம் சொல்வார். "நானும் ஒரு தடவை உள்ள வரலாமா?" என்று தம்பியிடம் நேராகக் கேளுங்கள். அவர் சரி என்றால் போய் உட்காருங்கள்.

அப்புறம், மாத்திரையைத் தயிர் சாதத்தில் பொடித்துப் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் நடக்கிறதா என்று தெரியாது. நடந்தால் அதைப் பற்றி இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் தட்டில் வெள்ளைத் துகள் கண்ணில் பட்டுவிட்டால், அவர் சந்தேகப்பட்டது சரி என்று வீடே நிரூபித்ததாக ஆகிவிடும். அதற்கப்புறம் அம்மா கையால் சாப்பிட வைப்பதே கஷ்டம்.

டீக்கடைப் பேச்சை அவர் எடுக்கும்போது வாதம் வேண்டாம். "மறுபடி ஆரம்பிச்சிட்டியா" வேண்டாம். குறை சொல்லும் பேச்சும் சதா கூடவே நின்று அடைகாப்பதும் அதிகமாக உள்ள வீடுகளில் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்பது, லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரின் குழு ஆரம்பித்து வைத்து, பிறகு பல நாடுகளில் உறுதியான விஷயம். "இன்னிக்கு ரொம்ப பயமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். "உள் ரூம்ல உக்காரலாமா, டிவி போடவா?" என்று கேளுங்கள். பேச்சு டீக்கடையைவிட்டு அவருடைய பயத்துக்கு நகர்ந்துவிடும். பயத்துக்கு நீங்கள் துணை நிற்க முடியும்.

மேடத்தின் தகுதியை விசாரிப்பதில் தப்பில்லை. மருத்துவ உளவியலில் எம்.ஃபில்., ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா, சைக்கோசிஸ் உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். பொதுவான கவுன்சலிங் படித்த பலருக்கு இதில் பயிற்சி கிடைப்பதில்லை. மனநல மருத்துவரோடு அவர் தொடர்பில் இருக்கிறாரா என்பதும் முக்கியம்.

கல்யாண விஷயம். போக வேண்டுமா என்று முதலில் தம்பியைக் கேளுங்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருந்தால் மேடத்திடமும் அவர் இதைப் பேசட்டும், அங்கே ஒத்திகை பார்க்கலாம். மண்டபத்துக் கூட்டமும் மேளச் சத்தமும், "எங்க வேலை பாக்குற, எப்ப கல்யாணம்" என்று ஆளுக்கு ஆள் கேட்பதும் இப்போது அவருக்குக் கடினமாக இருக்கும். அதனால் முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய், பின்வரிசையில் வாசல் பக்கம் உட்கார்ந்து, தாலி கட்டியதும் கிளம்பிவிடலாம். பந்திக்கு நிற்க வேண்டியதில்லை. "போதும்க்கா" என்று அவர் சொன்னால் உடனே எழுந்துவிட நீங்கள் தயாராக இருங்கள், வண்டிச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். வரவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். அவருக்குப் பிடித்த யாராவது ஒருவர் அன்று வீட்டில் கூட இருக்கட்டும். அத்தையிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள்.